சுவர் திசையை மறக்கும், நேரத்தை மறக்காது

நண்பர்களே, வணக்கம்.

கண்ணாடியில் முகம் தெரிகிறது, வெள்ளைச் சுவரில் தெரிவதில்லை. இத்தனைக்கும் சுவரும் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பித்தான் அனுப்புகிறது. ஒரே திசையில் அனுப்பாமல் எல்லாப் பக்கமும் இறைத்துவிடுகிறது, அவ்வளவுதான். அப்படியானால் ஒரு திருப்பத்துக்கு அந்தப் பக்கம், நமக்கு மறைவாக நிற்பவர்மேல் பட்ட ஒளியும் எதிர்ச்சுவர் வழியாக இப்போதே நம் கண்ணுக்குள் வந்துகொண்டிருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்ற விவரம்தான் தொலைந்துவிட்டது. எவ்வளவு நேரம் பயணம் செய்து வந்தது என்பது தொலையவில்லை.

2012இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் மீடியா லேபில் ஆண்ட்ரியாஸ் வெல்டன், ரமேஷ் ரஸ்கர் குழுவினர், மறைவில் இருப்பதைப் பார்க்க இந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். சுவரில் ஒரு புள்ளியில் லேசர் துடிப்பை, அதாவது மிகக் குறுகிய ஒளி வெட்டை, அடித்தார்கள். ஒளி சிதறி, மறைவில் இருந்த மனித உருவப் பொம்மையில் பட்டு, மீண்டும் சுவருக்கு வந்து கேமராவுக்குள் நுழைந்தது. ஒளி ஒரு பிக்கோ வினாடியில், அதாவது வினாடியை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்கில், 0.3 மில்லிமீட்டர்தான் போகும். அந்த அளவு நுணுக்கமாக நேரத்தை அளந்தால் பயணத் தூரம் கிடைக்கும். ஆனால் தூரம் மட்டும் தெரிந்தால் இடம் தெரியாது; ஒரு நீள்வட்டத் திண்மத்தின் பரப்பில் எங்கோ பொருள் இருக்கிறது என்றுதான் சொல்லலாம். சரி, லேசர் புள்ளியை நகர்த்தி மறுபடி அளந்தால்? இன்னொரு பரப்பு. இப்படி நூற்றுக்கணக்கான பரப்புகள் எங்கே ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றனவோ, அங்கே உருவம் எழுந்து வருகிறது.

இதில் பெரிய எதிரி ஒளியின் பஞ்சம். மறைந்திருக்கும் சிறிய பொருள் சுவரிலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப்போனால், திரும்பும் ஒளி பதினாறில் ஒரு பங்காகிவிடும். தனித்தனி ஒளித்துகளை எண்ணும் உணரிகள் வந்த பிறகுதான் மூச்சுவிட முடிந்தது. 2018இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு, சுவரில் லேசர் அடிக்கும் அதே புள்ளியையே உணரியும் பார்க்கும்படி வைத்து அளந்து கணக்கீட்டை வெகுவாகக் குறைத்தது.

ஆனால் என் மனதைப் பறித்தது லேசரே இல்லாத வழி. 2017இல் கேட்டி பௌமன், பிற்பாடு கருந்துளைப் படத்துக்காக உழைத்த குழுவிலும் இருந்தவர், சுவர் முனையின் அடியில் இருக்கும் தரையைச் சாதாரண வீடியோவில் எடுக்கச் சொன்னார். முனையைச் சுற்றி நகர நகர, தரையின் ஒவ்வொரு இடத்துக்கும் மறைவுப் பக்கம் இன்னும் கொஞ்சம் திறக்கிறது. அங்கே ஒருவர் நடந்தால் தரையின் வெளிச்சம் கண்ணுக்கே தெரியாத அளவில் மாறும். அந்த மாற்றத்திலிருந்து அவர் எந்தக் கோணத்தில் நடக்கிறார் என்று கணக்கிடலாம். முகம் கிடைக்காது, ஆள் வருவது தெரியும். திருப்பத்தில் ஓடிவரும் குழந்தைக்காக ஒரு வண்டி பிரேக் போட அதுவே போதும் என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம் 2019இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் விவேக் கோயல் குழு, சாதாரண டிஜிட்டல் கேமராவில் சுவரை ஒரே ஒரு படம் எடுத்து, மறைவில் இருந்த திரையின் வண்ணக் காட்சியை மீட்டது. இடையில் ஒரு தடுப்புப் பொருள் நின்று மங்கலான நிழல் விழுத்தியதால்தான் அது முடிந்தது. அந்தத் தடுப்பை எடுத்துவிட்டால் சுவரெங்கும் வெளிச்சம் கலந்துபோகும். கணினிக்குப் பிரித்தெடுக்க அநேகமாக ஒன்றுமே மிஞ்சாது.