பாகற்காய் இனிக்கும்! எப்போன்னு தெரியுமா?

பாகற்காய் இனிக்கும்னு சொன்னா நம்புவீங்களா? வெல்லம் சேர்க்கல, சர்க்கரை சேர்க்கல. கொடியில தொங்கும்போதே இனிக்கும். வாங்க, காட்டுறேன்.

(திரையில்: இலை மறைவில் ஆரஞ்சு நிறப் பழம்)

வரலாறு ஒரே மூச்சுல: பூசணி, வெள்ளரி, புடலை குடும்பத்துக் கொடி. மொமோர்டிகா சரன்டியாங்கிற அறிவியல் பேரை 1753-ல பதிஞ்சவர், செடிகளுக்குப் பேர் வச்ச ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ். மொமோர்டிகாவுக்கு வேர், கடிக்கிறதைக் குறிக்கிற லத்தீன் சொல். விதையை எடுத்துப் பாருங்க, ஓரமெல்லாம் யாரோ கடிச்சு வச்ச மாதிரியே இருக்கும்!

சரி, இனிப்புக்கு வருவோம். நாம சமைக்கிறது பழுக்காத காய். அதைப் பறிக்காம விட்டா பச்சை மஞ்சளாகி, மஞ்சள் ஆரஞ்சாகும். அப்புறம் ஒருநாள் நுனியில வெடிக்கும். தோல் மூணு பிளவா, பூ இதழ் மாதிரி பின்னால சுருண்டுக்கும். உள்ளே விதை ஒவ்வொண்ணும் ரத்தச் சிவப்புல, வழவழன்னு ஒரு சதையைப் போர்த்திக்கிட்டுத் தொங்கும். அந்தச் சதைதாங்க இனிக்கிறது! தக்காளியைச் சிவப்பாக்குற லைக்கோபீன்தான் இதுக்கும் நிறம் தருது.

கொடி போடுற கணக்கைப் பாருங்க. விதை முத்துற வரைக்கும் கசப்பைக் காவலுக்கு வச்சிருக்கு. முத்தினதும் கதவைத் திறந்து, சிவப்பைக் காட்டிப் பறவையைக் கூப்பிடுது. பறவை சதைக்காக முழுங்கும், விதை வேற எங்கேயோ போய் விழும். ஒரே காய்க்குள்ள "வராதே"யும் இருக்கு, "வா"வும் இருக்கு. எனக்கு இது எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்கல.

ஆனா விதையை நீங்க முழுங்காதீங்க. குழந்தைங்க கைக்கும் எட்டவிடாதீங்க. அதுல ‘வைசின்’னு ஒரு பொருள் இருக்கு. ஜி6பிடி குறைபாடு, அதாவது ரத்தச் சிவப்பணுக்களைக் காக்குற ஒரு நொதி பிறவியிலேயே குறைவா உள்ளவங்களுக்கு, அந்த அணுக்களையே அது சிதைக்கலாம்.

மருந்தா? சரன்டின் மாதிரி, ரத்தச் சர்க்கரையைக் குறைக்கக்கூடிய பொருட்கள் இதுல இருக்கு. ஆனா பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடுற காக்ரேன் அமைப்போட 2012 மதிப்பாய்வு, சர்க்கரை நோய்க்கு இதைப் பரிந்துரைக்கப் போதுமான ஆதாரம் இல்லன்னுதான் சொல்லிச்சு. அதனால கெஞ்சிக் கேட்டுக்கிறேன்: பாகற்காய் ஜூஸை நம்பி மாத்திரையை நிறுத்தாதீங்க. மாத்திரையோட சேர்த்துக் குடிச்சாலும் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். டாக்டர்கிட்ட கேட்டுட்டுக் குடிங்க.

பாகற்கொடி வச்சிருக்கீங்களா? அடுத்த தடவை ஒரே ஒரு காயைப் பறிக்காம விடுங்க. வெடிச்ச அன்னைக்குப் படம் எடுத்து கமெண்ட்ல சொல்லுங்க, சிவப்பு எப்படி இருந்துச்சுன்னு!