பன்னிரண்டு வயதில் மூண்ட பழியுணர்ச்சி: கீஸ் பிரபு ஹென்றி

[திரையில்: விடியாத இருட்டு. லுவார் ஆற்றங்கரையில் ஒரு கோட்டை.]

1588 டிசம்பர் 23. பிரான்சில் புளுவா கோட்டை. ஆலோசனைக் கூடத்தில் உயரமான ஒருவர் குளிர் தாங்காமல் கணப்போரம் நிற்கிறார். முகத்தில் பழைய தழும்பு. கொறிக்க உலர்ந்த பிளம் பழம் கேட்டு வாங்குகிறார். "மன்னர் அழைக்கிறார்" என்று செய்தி வருகிறது. எழுந்து போகிறார். சற்று நேரத்தில் மன்னரின் அறையிலேயே மெய்க்காப்பாளர்கள் அவரைக் குத்திச் சாய்க்கிறார்கள்.

அவர்தான் கீஸ் பிரபு ஹென்றி, பிரான்சின் கத்தோலிக்கர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடியவர். கொல்லச் சொன்ன மன்னர் மூன்றாம் ஹென்றியும் கத்தோலிக்கர்தான். அப்புறம் ஏன் இந்தக் கொலை?

[திரையில்: 1562, வாஸி]

வாஸி என்ற சிற்றூரில், ஒரு களஞ்சியத்தில் கூடி வழிபட்ட புராட்டஸ்டன்ட்டுகளை ஹென்றியின் தந்தை பிரான்சுவாவின் ஆட்கள் வெட்டிக் கொன்றார்கள். மதப்போர் அதில்தான் மூண்டது. மறு ஆண்டே, ஒர்லியான் நகர முற்றுகையின்போது பிரான்சுவாவை ஒருவன் சுட்டான். சித்திரவதையில் அவன் சொன்ன பெயர், புராட்டஸ்டன்ட் தலைவர் கொலினி. கொலினி மறுத்தார். ஆனால் அந்தச் சாவு நாட்டுக்கு நல்லது என்றும் சொல்லிவிட்டார். அப்போது ஹென்றிக்கு வயது 12. அந்தப் பேச்சைக் கீஸ் குடும்பம் மறக்கவே இல்லை.

[திரையில்: பாரிஸ், 1572 ஆகஸ்ட் 24, விடியற்காலை]

அரச குடும்பத்துத் திருமணத்துக்காகப் புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் பாரிஸில் கூடியிருந்தார்கள். இரண்டு நாள் முன்பு சுடப்பட்டுக் காயத்தோடு படுத்திருந்தார் கொலினி. அவர் தங்கியிருந்த வீட்டு முற்றத்தில் ஹென்றி நின்றார். ஆட்கள் மாடிக்கு ஏறினார்கள். கொலினியின் உடல் ஜன்னல் வழியாக வந்து விழுந்தது. அதன் பிறகு நகரமே வெறிபிடித்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது.

ஆனால் அதே நாட்களில் புராட்டஸ்டன்ட்டுகள் சிலருக்குத் தன் வீட்டில் அடைக்கலம் கொடுத்தார் ஹென்றி. எனக்கு அவரைப் புரியவைப்பது இதுதான். அவர் பழிதீர்க்க வந்தது ஒரு மனிதரை. அதற்காக அவரை மன்னித்துவிட முடியாது. அந்தக் கொலையோடுதான் படுகொலையே தொடங்கியது.

[திரையில்: தழும்பு விழுந்த முகம்]

1575இல் டோர்மான் சண்டையில் முகத்தில் குண்டடி பட்டது. 'தழும்பு முகத்தான்' என்று பாரிஸ் மக்கள் பாசமாகவே அழைத்தார்கள். 1584இல் மன்னரின் தம்பி இறந்தார். மன்னருக்குப் பிள்ளை இல்லை. அடுத்த வாரிசு நவார் நாட்டு ஹென்றி, ஒரு புராட்டஸ்டன்ட். சொந்தப் பகையாக இருந்தது இப்போது அரசியலாக மாறியது. புராட்டஸ்டன்ட் ஒருவர் அரசராவதை எதிர்த்த கூட்டணியான கத்தோலிக்க லீக்குக்குத் தலைமை ஏற்ற கீஸ், ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பிடம் பணம் பெற உடன்படிக்கை செய்தார். அயல்நாட்டு மன்னரின் காசில் சொந்த மன்னரை மிரட்டியதுதான் அவர் செய்த பெரும் பிழை என்பது என் கருத்து.

1588 மே 12. மன்னர் சுவிஸ் படையைப் பாரிஸுக்குள் கொண்டுவந்தார். மக்கள் பீப்பாய்களை உருட்டிவந்து, மண்ணையும் கல்லையும் நிரப்பித் தெருக்களை அடைத்தார்கள். பாரிகேட் என்ற சொல்லே பீப்பாயைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்ததுதான். ஆயுதம் இல்லாமல், கையில் ஒரு பிரம்போடு தெருவில் நடந்தார் கீஸ். கூட்டம் அடங்கியது. சிக்கிக்கொண்ட சுவிஸ் வீரர்கள் பிழைத்தார்கள். மறுநாள் மன்னர் ஊரைவிட்டே வெளியேறினார். அரசர் யார் என்று அன்று தெருவில் நின்ற எல்லோருக்கும் தெரிந்தது, மன்னருக்கும் தெரிந்தது.

[திரையில்: மீண்டும் புளுவா]

கொலைக்கு முன்பே எச்சரிக்கைகள் வந்தன. "துணிய மாட்டார்" என்று கீஸ் தள்ளிவிட்டார். மறுநாள் அவர் தம்பியான கர்தினாலும் கொல்லப்பட்டார். இருவரின் உடலையும் எரித்தார்கள். கல்லறை இருந்தால் மக்கள் அங்கே திரள்வார்கள் அல்லவா?

எட்டு மாதத்துக்குள் ஒரு துறவி மன்னரைக் கத்தியால் குத்தினான். நவார் ஹென்றி அரசரானார். 1593இல் கத்தோலிக்கராக மாறினார். தந்தை கொலையுண்ட அன்று புளுவாவில் கைதான கீஸின் மகன் ஷார்ல், 1594இல் அந்தப் புதிய மன்னரோடு சமாதானமாகி, புரொவான்ஸ் மாகாணத்தின் ஆளுநரானார்.