ஊர்ச் சம்பளமும் உங்கள் வாடகையும்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் வாடகை வீடு தேடி அலைந்தவர்கள் கண்ணில் இப்படி ஒரு கட்டடம் பட்டிருக்கும். புத்தம் புதியது. லிஃப்ட் உண்டு, துணி துவைக்க இடம் உண்டு, பிள்ளைகள் விளையாட ஒரு மூலை உண்டு. வாடகை பக்கத்துக் கட்டடத்தைவிடக் குறைவு. ஆனால் பலகையில் ஒரு வரி இருக்கும்: வருமான வரம்புக்கு உட்பட்டது. உள்ளே போய் விசாரித்தால் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வரித் தாக்கல் எல்லாம் கேட்பார்கள். இது சர்க்கார் வீடா, தனியார் வீடா?

பெரும்பாலும் தனியார் வீடுதான். மத்திய அரசு அதைக் கட்டவும் இல்லை, அதற்குச் சொந்தக்காரரும் இல்லை. தனக்கு வரவேண்டிய வரியை விட்டுக்கொடுத்திருக்கிறது. 1986 அக்டோபரில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட வரிச் சீர்திருத்தச் சட்டத்தில் பிறந்த ஏற்பாடு இது. வரிச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு, எளியவர்களுக்கு வாடகை வீடு கட்டுகிறவர்களுக்கு வரிக் கிரெடிட் கொடுக்கிறது. புதிதாகக் கட்டியது, பழையதைப் புதுப்பித்தது என்று 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடகை வீடுகள் இதன் பேரில் உருவாகியிருக்கின்றன. எளியவர்களுக்கான வீட்டுத் திட்டம் வரிச் சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதன் நல்லது கெட்டது இரண்டும் அங்கிருந்துதான் வருகின்றன.

முதலில், வரிக் கிரெடிட் என்றால் என்ன? இந்தியாவில் 80சி பிரிவில் சேமிப்பைக் காட்டியவர்களுக்குத் தெரியும், அங்கே கழிவது வருமானத்திலிருந்து. 100 ரூபாய் கழித்தால் வரியில் மிச்சமாவது 20 ரூபாயோ 30 ரூபாயோ. கிரெடிட் அப்படி அல்ல. கட்டவேண்டிய வரியிலேயே கழியும். ஒரு டாலர் கிரெடிட்டுக்கு ஒரு டாலர் வரி முழுசாகக் குறையும். அப்படியானால் லாபம் பார்த்து வரி கட்டுகிறவருக்குத்தான் அதனால் பயன். வீடு கட்டுகிறவர்களில் பலர் லாப நோக்கமற்ற அமைப்புகள். அவர்கள் கிரெடிட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விற்கிறார்கள். வாங்குவது பெரும்பாலும் வங்கிகள். அவர்களுக்கு வரி குறைகிறது. தொழில் நடத்தும் வட்டாரத்துக்கு வங்கி என்ன செய்தது என்று சோதிக்கும் 1977-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, அந்தக் கணக்கிலும் இது ஏறுகிறது.

கிரெடிட் 10 ஆண்டுக்குப் பிரிந்து பிரிந்து வரும். கொத்தனாருக்கும் சிமெண்டுக்கும் பணம் இன்றைக்கே வேண்டும். ஏலச்சீட்டில் அவசரக்காரர் தள்ளி எடுப்பதுபோல, பத்து வருடத்து டாலரை 85 சென்ட், 90 சென்ட் என்று இன்றே தள்ளிக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. எழுத வேண்டாம், கேட்டாலே போதும். நிலத்தின் விலை நீங்கலாகக் கட்டடச் செலவு 1 கோடி டாலர் என்று வையுங்கள். நிலத்துக்கு இந்தக் கிரெடிட் கிடையாது. கிரெடிட்டில் 9 சதவீதம், 4 சதவீதம் என்று இரண்டு வகை. 9 சதவீதம் கிடைத்தால் ஆண்டுக்கு 9 லட்சம், பத்தாண்டில் 90 லட்சம் டாலர். 85 சென்ட் விலைக்கு விற்றால் கைக்கு வருவது 76 லட்சத்து 50 ஆயிரம். கட்டடத்தின் முக்கால் பங்கு கடனில்லாமல் வந்துவிட்டது. 4 சதவீதம் என்றால் பத்தாண்டில் 40 லட்சம், கைக்கு 34 லட்சம். மூன்றில் ஒரு பங்குதான். மீதிக்கு வங்கிக் கடன், மாநிலமோ நகரமோ தரும் குறைந்த வட்டிக் கடன் என்று நாலு கதவைத் தட்டவேண்டும்.

எல்லாரும் 9 சதவீதத்துக்கே போகலாமே என்று தோன்றும். அது அளவுச் சாப்பாடு. மாநிலத்தின் மக்கள்தொகையைப் பார்த்துப் பங்கிடுகிறார்கள். 2025-இல் தலைக்கு 3 டாலர். 2025-இல் வந்த சட்டத்தால் 2026 முதல் அதில் 12 சதவீதம் கூடுகிறது. ஒவ்வொரு மாநிலமும் எதற்கு எத்தனை மதிப்பெண் என்று ஒரு திட்ட அறிக்கை போடுகிறது: நிலம் கையில் இருக்கிறதா, பேருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம், முதியோருக்கா குடும்பங்களுக்கா என்று. ஒரு மதிப்பெண் குறைந்தாலும் அடுத்த ஆண்டு மறுபடி வரிசையில் நிற்கவேண்டியதுதான். 4 சதவீதக் கிரெடிட், மாநில அமைப்புகள் வெளியிடும், வட்டிக்கு வரி விலக்குப் பெற்ற கடன் பத்திரத்தோடு சேர்ந்து வருவது. கட்டடமும் நிலமும் சேர்ந்த செலவில் பாதிக்குப் பத்திரப் பணம் போகவேண்டும் என்பது நீண்டநாள் விதி. 2026 முதல் வெளியாகும் பத்திரங்களுக்குக் கால் பங்கு போதும். பழைய விதியில் பலர் விழுந்த குழி எது தெரியுமா? சரியாகப் பாதிக்கு மட்டும் பத்திரப் பணம் வாங்கிவிடுவார்கள். கட்டும்போது இரும்பு விலை ஏறி மொத்தச் செலவு கூடும். பத்திரப் பங்கு 49 சதவீதத்துக்கு இறங்கும். அந்த ஒரு புள்ளியால், பத்திரம் தொட்ட பகுதிக்கு மட்டும்தான் கிரெடிட் என்றாகிவிடும். அனுபவப்பட்டவர்கள் பாதிக்கு மேலேயே கொஞ்சம் இடைவெளி விட்டு வாங்கினார்கள். கால் பங்கு விதியிலும் அந்த எச்சரிக்கை வேண்டும்.

காலக்கெடுவும் உண்டு. 2024-இல் ஒதுக்கீடு வாங்கினால் 2026 டிசம்பர் 31-க்குள் கட்டடம் குடியேறத் தயாராக இருக்கவேண்டும். சுவர் எழுந்து, பெயின்ட் அடித்து, மின் இணைப்பு வராமல் நின்றாலும் தயார் என்று ஆகாது.

லாபம் இருந்தால்தான் கிரெடிட்டுக்கு மதிப்பு என்று சொன்னேன் அல்லவா? 2008-இல் அது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. அதுவரை கிரெடிட் வாங்குவதில் முன்னணியில் இருந்தவை ஃபேனி மே, ஃப்ரெடி மேக் என்ற இரு வீட்டுக்கடன் நிறுவனங்கள். அந்தச் செப்டம்பரில் இரண்டையும் அரசே தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள நேர்ந்தது. வங்கிகளும் நஷ்டத்தில். நஷ்டக்காரருக்கு வரியில்லை, வரியில்லாதவருக்குக் கிரெடிட் எதற்கு? வேலையிழந்தவர்கள் மலிவு வீட்டைத் தேடி வந்த நேரத்தில், ஒதுக்கீடு கையில் இருந்தும் வாங்க ஆளில்லாமல் திட்டங்கள் நின்றன. 2009 பிப்ரவரியில் நிறைவேறிய ஊக்கச் சட்டம், மாநிலங்கள் விற்காத கிரெடிட்டை டாலருக்கு 85 சென்ட் வீதம் அரசிடமே கொடுத்து ரொக்கமாக மாற்றிக்கொள்ள வழி செய்தது. அதைக் கொண்டுதான் பல கட்டடங்கள் கூரை கண்டன. நாடு தடுக்கி விழும்போது வீட்டுத் திட்டமும் கூடவே விழும் என்பது இந்த ஏற்பாட்டின் உள்ளேயே இருக்கும் பலவீனம்.

சரி, வாடகைக்கு வருவோம். இன்றைக்கு மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். இந்த வீடுகளில் வாடகைக்கு வைக்கும் உச்சவரம்பு ஊர்ச் சம்பளத்தைப் பார்த்து வருவது. உங்கள் சம்பளத்தைப் பார்த்து அல்ல.

எப்படி என்று பாருங்கள். அந்த வட்டாரத்தில் நாலு பேர் குடும்பத்தின் இடைநிலை வருமானம் ஆண்டுக்கு 1 லட்சம் டாலர் என்று அரசு அறிவிக்கிறது. 60 சதவீத வீடு, அதாவது அந்த இடைநிலை வருமானத்தில் 60 சதவீதத்துக்கு மேல் போகாதவர்களுக்கான வீடு என்றால் நாலு பேருக்கு வரம்பு 60 ஆயிரம். வாடகைக் கணக்கில் ஒரு படுக்கையறைக்கு ஒன்றரை ஆள் என்று வைத்துக்கொள்வார்கள். அங்கே உண்மையில் எத்தனை பேர் இருந்தாலும் சரி, இரண்டு படுக்கையறை வீடு என்றால் மூன்று ஆள். மூன்று பேருக்கான வரம்பு நாலு பேருக்கானதில் 90 சதவீதம்: 54 ஆயிரம். அதில் 30 சதவீதம் 16,200. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,350 டாலர். இதுதான் உச்சவரம்பு.

இப்போது அந்த வீட்டுக்கு ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் வருகிறார்கள். மருத்துவமனையில் துப்புரவு வேலை, ஆண்டுச் சம்பளம் 30 ஆயிரம். வரம்புக்குள்தான் இருக்கிறார், தகுதி உண்டு. ஆனால் 1,350 வாடகை என்றால் அவர் சம்பளத்தில் 54 சதவீதம். பாதிக்கு மேல்! இதில் விதிமீறல் எதுவும் இல்லை. சட்டப்படி எல்லாம் சரி. 'வருமானத்தில் 30 சதவீதம்தான் வாடகை' என்று விளம்பரத்தில் படித்துவிட்டு வந்தவருக்கு, அந்த 30 சதவீதம் கற்பனையான ஒரு மூன்று பேர் குடும்பத்தின் 30 சதவீதம் என்று யாரும் சொல்லவில்லை. அரசுப் பொதுக் குடியிருப்பில் இப்படி இல்லை. அங்கே பெரும்பாலும் குடியிருப்பவரின் சொந்த வருமானத்தில் ஏறத்தாழ 30 சதவீதம்தான் பங்கு. இரண்டையும் ஒன்றென்று எண்ணி விண்ணப்பிப்பவர்கள்தான் மாதக் கடைசியில் திண்டாடுகிறார்கள்.

இன்னொன்று. ஊரில் அதிகச் சம்பளக்காரர்கள் வந்து குடியேறி இடைநிலை வருமானம் 1 லட்சத்திலிருந்து 1 லட்சத்து 10 ஆயிரம் ஆனால், அதே வீட்டின் உச்சவரம்பு 1,485 ஆகும். 135 டாலர் கூடுகிறது. அந்தத் தாயின் சம்பளம் ஒரு காசு உயரவில்லை. ஊர்ச் சம்பளம் உயர்ந்தது, அவ்வளவுதான். வரம்பைத் தொட்டே ஆகவேண்டும் என்று உரிமையாளருக்குக் கட்டாயம் இல்லை. ஆனால் காப்பீட்டுச் செலவு, பழுதுச் செலவு ஏறும்போது அவருக்கும் வேறு வருமானம் கிடையாது. எனவே பெரும்பாலும் ஏற்றுவார்.

தப்பிக்க வழி உண்டா? உண்டு. 60 சதவீத வீட்டுக்குப் பதில் அதே கட்டடத்தில் 50 சதவீத, 30 சதவீத வீடு இருக்கிறதா என்று கேளுங்கள். மேற்சொன்ன கணக்கில் 50 என்றால் 1,125, 30 என்றால் 675. 2018 முதல், 20-லிருந்து 80 வரை கலந்து சராசரி 60-க்கு மிகாமல் வைத்துக்கொள்ள உரிமையாளருக்கு அனுமதி உண்டு. அடுத்தது, வாடகையில் ஒரு பங்கை அரசே கட்டும் வாடகை வவுச்சர் உங்களிடம் இருந்தால், வவுச்சர்காரர் என்ற ஒரே காரணத்துக்காக இந்தக் கட்டடங்கள் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது, சட்டம் அப்படி. வவுச்சர் இருந்தால்தான் உங்கள் பங்கு உங்கள் சம்பளத்தைப் பார்த்து வரும். மிக எளியவர்களுக்கு இரண்டும் சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும்.

உச்சவரம்புக்குள் மின்சாரம், தண்ணீர், எரிவாயுவும் அடக்கம் என்பதையும் சொல்லவேண்டும். அவற்றை நீங்கள் தனியாகக் கட்டினால், அதற்கென ஒரு தொகையை வரம்பிலிருந்து கழிக்கவேண்டும். 120 டாலர் கழிவு என்றால் வாடகை 1,230-ஐத் தாண்டக்கூடாது. இந்தக் கழிவை ஆண்டுக்கு ஒருமுறையாவது சரிபார்க்கவேண்டும். பழைய பட்டியலை வைத்துக்கொண்டு 5 டாலர் கூட வாங்கிவிட்டால், பிறகு திருப்பிக் கொடுத்தாலும் அந்த ஆண்டுக்கு அந்த வீடு கிரெடிட் கணக்கில் சேராது. தொலைபேசி, இணையம் இதில் வராது.

குடியிருப்பவர்களைப் பற்றி உரிமையாளர் வைக்கவேண்டிய கோப்புகளைப் பற்றி நிறையச் சொல்ல இருந்தது, சுருக்குகிறேன். குடியேறும் முன்பே அடுத்த 12 மாத வருமானத்தைக் கணக்கிட்டுக் கையெழுத்து வாங்கவேண்டும். தவறுவது வழக்கமாக ஓவர்டைம், டிப்ஸ், இரண்டாவது வேலை ஆகியவற்றில். வீட்டில் எல்லாருமே முழுநேர மாணவர்களாக இருந்தால் தகுதி இல்லை. பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்த இருவர் சேர்ந்து விண்ணப்பித்தால் வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் கிடைக்காது. பள்ளிப் பிள்ளைகளும் மாணவர் கணக்குதான். ஆனால் படிக்கும் ஒற்றைத் தாய்க்கும் பிள்ளைகளுக்கும், கூட்டாக வரித் தாக்கல் செய்யும் தம்பதிக்கும் விதிவிலக்கு உண்டு. குடியேறிய பின் சம்பளம் உயர்ந்தால் வெளியேற்றுவார்களோ என்று பயப்பட வேண்டாம். வரம்பின் 140 சதவீதத்தைத் தாண்டினால், அதே கட்டடத்தில் அடுத்துக் காலியாகும் ஒத்த வீட்டைத் தகுதியுள்ளவருக்குத் தரவேண்டும் என்பது உரிமையாளரின் பொறுப்பு. நீங்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம். முதல் ஆண்டுக் கோப்பை உரிமையாளர் 21 ஆண்டுக்கு மேல் பத்திரமாக வைத்திருக்கவேண்டும். நிர்வாகம் கைமாறும்போது தொலைந்துபோவதும் அந்தப் பெட்டிதான்.

நேரம் நெருங்கிவிட்டது. கெடு ஆண்டு பற்றி மட்டும் இரண்டு வார்த்தை. முதலீட்டாளர் பத்தாண்டில் கிரெடிட்டை எடுத்துவிடுவார். 15 ஆண்டு வரை விதி மீறினால் எடுத்ததில் ஒரு பகுதியைத் திருப்பவேண்டும். வாடகைக் கட்டுப்பாடு குறைந்தது 30 ஆண்டு. ஆனால் 14-ஆம் ஆண்டு முடிந்தபின், வாங்க ஆள் தேடித் தாருங்கள் என்று உரிமையாளர் மாநிலத்திடம் கேட்கலாம். சட்டத்தின் சூத்திரப்படி வரும் விலைக்கு ஓராண்டுக்குள் ஆள் கிடைக்காவிட்டால் கட்டுப்பாடு முன்னதாகவே முடிந்துவிடும். இந்த உரிமையை முதலிலேயே விட்டுக்கொடுக்கும்படி பல மாநிலங்கள் கேட்கின்றன. எல்லா மாநிலங்களும் அல்ல. 1990-இல் தொடங்கிய கட்டடங்களுக்கு 2020 முதலே 30 ஆண்டு முடிய ஆரம்பித்துவிட்டது.

எனவே குடியேறும் நாளில் நிர்வாக அலுவலகத்தில் கேளுங்கள்: இந்தக் கட்டடத்தின் கிரெடிட் எந்த ஆண்டு தொடங்கியது, கட்டுப்பாடு எந்த ஆண்டு முடிகிறது? அந்த ஒப்பந்தம் நிலப் பதிவேட்டில் இருக்கும், யாரும் பார்க்கலாம். இப்படி முன்னதாகவே முடிந்தாலும், அன்றே பெட்டி கட்ட வேண்டியதில்லை. அதற்குப் பிறகு 3 ஆண்டுகள் தக்க காரணம் இல்லாமல் உங்களை வெளியேற்றவும் முடியாது, பழைய வரம்புக்கு மேல் வாடகையை உயர்த்தவும் முடியாது. யாராவது 60 நாள் நோட்டீஸ் ஒட்டினால், கையெழுத்துப் போடும் முன் மாநில வீட்டு நிதி முகமையைக் கூப்பிட்டு அந்த 3 ஆண்டைப் பற்றிக் கேளுங்கள்.

வணக்கம்.