மைக்கை ஒப்படைத்த கைகள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'விளையாட்டு வர்ணனையாளருக்கு மன அமைதியும் வாழ்வின் பொருளும் கிடைப்பது மைக்கின் முன்னாலா, புதியவர்களை உருவாக்குவதிலா?' உருவாக்குவதில்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், ஆஸ்திரேலிய கிரிக்கெட் அணித்தலைவராக இருந்து வர்ணனையாளரான ரிச்சி பெனோவை முன்னிறுத்தினார். 2005 செப்டம்பர் 12, லண்டன் ஓவல் மைதானம். இங்கிலாந்து மண்ணில் பெனோவின் கடைசி டெஸ்ட் வர்ணனை. அவர் விடைபெற்றுக்கொண்டிருக்கும்போதே மெக்ராத் பந்தில் பீட்டர்சன் போல்டாகிறார், 158 ரன்னுக்கு. பெனோ தன் பிரியாவிடையை நிறுத்தினார், குரலை உயர்த்தாமல் விக்கெட்டைச் சொன்னார், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "இதைவிட அமைதி உண்டா?" என்று எதிரணித் தலைவர் கேட்டபோது நானும் சேர்ந்து கை தட்டினேன்.

ஆனால் அந்த அமைதி எந்த மண்ணில் விளைந்தது? 1956இல் ஆஸ்திரேலிய அணியோடு இங்கிலாந்து போன பெனோ, தொடர் முடிந்தும் லண்டனில் தங்கி பி.பி.சி.யில் பயிற்சி எடுத்தார். அப்போது அவர் அணித்தலைவர்கூட ஆகவில்லை. குதிரைப் பந்தய வர்ணனையில் புகழ்பெற்ற பீட்டர் ஓ'சல்லவன் எப்படித் தயாராகிறார், எப்படிப் பேசுகிறார் என்று கூடவே இருந்து கவனித்தார். தொலைக்காட்சிப் படம் சொல்லாததைச் சொல்ல முடிந்தால் மட்டுமே வாய் திறக்க வேண்டும் என்ற நெறியைக் கடைசிவரை விடவில்லை. பக்கத்தில் ஒரு புதியவனுக்கு இடம் விட்டார்களே, அந்த மூத்தவர்களின் நிதானமும் அல்லவா ஓவலில் ஒலித்தது?

இன்னொருவரைச் சொல்கிறேன். ஜான் ஆர்லட். போலீஸ்காரராக இருந்து, 1946 முதல் பி.பி.சி. வானொலியில் கிரிக்கெட் வர்ணனை செய்தவர். 1980இல் லார்ட்ஸில் நடந்த நூற்றாண்டு டெஸ்ட்தான் அவர் வர்ணனை செய்த கடைசி டெஸ்ட். நாடே ஒரு நீண்ட விடைபெறும் உரைக்குக் காத்திருந்தது. அவரோ ஓவர் முடிந்ததும், சக வர்ணனையாளர் டிரெவர் பெய்லிக்குப் பிறகு கிறிஸ்டோபர் மார்ட்டின்-ஜென்கின்ஸ் பேசுவார் என்று மட்டும் சொல்லி எழுந்துவிட்டார். தன்னைவிட முப்பது வயது இளையவரின் பெயரே அந்த டெஸ்டில் அவர் கடைசியாகச் சொன்ன சொல்! அவர் விடைபெற்றதாக மைதானத்தில் அறிவிப்பு வந்தபோது ரசிகர்களோடு ஆட்டக்காரர்களும் நின்று கை தட்டினார்கள்.

என் அனுபவம் மிகச் சிறியது. ஊர் ஊராக வாலிபால், கபடிப் போட்டிகளுக்கு வர்ணனை சொல்கிறவன் நான். சென்ற ஆண்டு ஓர் இறுதிப் போட்டியில், கல்லூரி மாணவி ஒருத்தியிடம் இரண்டாவது செட்டைக் கொடுத்தேன். வீரர்களின் பெயர் எழுதிய தாள் அவள் கையில் படபடத்தது. மூச்சு விடாமல் பேசினாள். பந்து எங்கே, புள்ளி எத்தனை, ஒன்றும் புரியவில்லை. விழாக் குழுவில் ஒருவர், "நீங்களே வாங்கிப் பேசுங்கள்" என்று என் தோளைத் தட்டினார். நான் வாங்கவில்லை. தாளின் ஓரத்தில் 'புள்ளியைச் சொல், பிறகு நிறுத்து' என்று எழுதி நகர்த்தினேன்.

சொன்னாள். "பத்தொன்பது, பதினெட்டு." நிறுத்தினாள். அந்த நிசப்தத்தில் பந்தை அடித்த ஓசை ஒலிபெருக்கி வழியாகக் கூட்டத்தின் கடைசி வரிசை வரை போனது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இருபது ஆண்டுகளாக ஆட்டத்தைப் பார்க்கிறேன் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அடுத்த சொல்லைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று கையில் மைக் இல்லை, தேட ஒரு சொல்லும் இல்லை. செட் முடியும்வரை ஆட்டத்தை நிம்மதியாகப் பார்த்தேன். எதிரணியினர் சொல்லும் அமைதி எனக்கு அங்கேதான் கிடைத்தது.

நடுவர் அவர்களே, எனக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது. எங்கள் அணியில் அடுத்துப் பேசும் தங்கைக்கு இது முதல் மேடை. அந்த இரண்டு நிமிடத்தையும் அவருக்குக் கொடுத்துவிடுங்கள்.