வாஷிங்டன் வீட்டிலிருந்து வெளியேறிய ஓனா ஜட்ஜ்

நேயர்களுக்கு என் வணக்கம்.

எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று 1776-இல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் எழுதியவர் தாமஸ் ஜெஃபர்சன். பிலடெல்பியாவில் வாடகை அறையில் தங்கி அவர் அதை எழுதிக்கொண்டிருந்தபோது, கூடவே இருந்து பணிவிடை செய்தவன் ராபர்ட் ஹெமிங்ஸ் என்ற 14 வயதுப் பையன். அவன் ஜெஃபர்சனின் அடிமை. ஜெஃபர்சனின் மாமனாருக்கு ஓர் அடிமைப் பெண்ணிடம் பிறந்தவன். அதாவது, மனைவிக்குத் தம்பி முறை.

இந்த முரண்பாடு அந்தத் தலைவர்களுக்குத் தெரியாமலா இருந்தது? நன்றாகவே தெரிந்திருந்தது. பிரகடனத்தின் வரைவில் அடிமை வாணிபத்தைச் சாடி, பழியைப் பிரிட்டிஷ் மன்னர்மீது போட்டிருந்தார் ஜெஃபர்சன். தென் கரோலினாவும் ஜார்ஜியாவும் எதிர்த்தன. அடிமைகளைக் கப்பலேற்றிப் பணம் பார்த்த வடக்கத்தியருக்கும் அது உறுத்தியது. அந்தப் பகுதி நீக்கப்பட்டது. 1787-இல் அரசியல் சட்டம் உருவானபோது, மனிதன் மனிதனுக்குச் சொத்தாக முடியும் என்ற எண்ணத்துக்கே அதில் இடம் தரக்கூடாது என்றார், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மாடிசன். அதனால் அடிமை என்ற சொல் சட்டத்தில் நுழையவில்லை. தப்பி ஓடியவரைப் பிடித்து உரியவரிடம் ஒப்படைக்கும் விதி மட்டும் நுழைந்தது. 1808 வரை அடிமை இறக்குமதியைத் தடுக்க முடியாது என்றும், மக்கள்தொகைக் கணக்கில் ஐந்து அடிமைகள் மூன்று பேருக்குச் சமம் என்றும் எழுதிக்கொண்டார்கள்.

இந்த ஏற்பாடு நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்கு, முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் அன்றைய தலைநகரான பிலடெல்பியாவில் குடியிருந்த வீடே சாட்சி.

பிலடெல்பியா இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில் அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் 1780-லேயே வந்துவிட்டது. வெளிமாநிலத்தார் அழைத்துவரும் அடிமை அங்கே ஆறு மாதம் தங்கிவிட்டால் விடுதலை கோரலாம். வாஷிங்டன் தம் அடிமைகளை அந்தக் கெடு முடியுமுன் மாநில எல்லையைத் தாண்டச் செய்து, மறுபடி வரவழைத்தார். கெடு முதலிலிருந்து தொடங்கும். அவர்களையும் பொதுமக்களையும் ஏமாற்றக்கூடிய ஒரு சாக்கைச் சொல்லி இதைச் செய்யவேண்டும் என்று 1791-இல் தம் செயலாளர் டோபியாஸ் லியருக்கு எழுதினார். பொய்யே பேசாதவர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப்படும் மனிதர்! அந்த வரியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

அந்த வீட்டில் மார்த்தா வாஷிங்டனின் தனிப் பணிப்பெண்ணாக இருந்தவர் ஓனா ஜட்ஜ். மார்த்தாவின் பேத்திக்குத் தன்னைக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று அவருக்குத் தெரியவந்தது. 1796 மே மாதம், வாஷிங்டனின் சொந்த மாநிலமான வர்ஜீனியாவுக்குப் புறப்பட வீடே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. ஓனாவும் கட்டினார். நகரத்துக் கறுப்பின நண்பர்களிடம் தம் பொருள்களை முன்கூட்டியே சேர்த்துவிட்டு, வாஷிங்டன் குடும்பத்தார் சாப்பிட்டுக்கொண்டிருந்த வேளையில் வெளியேறி, கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மத் போய்ச் சேர்ந்தார்.

பிடித்துத் தருபவருக்குப் பத்து டாலர் என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. கருவூலச் செயலாளர் வழியாகப் போர்ட்ஸ்மத் சுங்க அதிகாரி ஜோசப் விப்பிளுக்கு உத்தரவு போனது. விப்பிள் ஓனாவிடம் பேசினார். வாஷிங்டன் தம்பதியின் காலத்துக்குப் பிறகாவது விடுதலை உறுதி என்றால் திரும்பி வருகிறேன் என்றார் ஓனா. எவ்வளவு சிறிய கோரிக்கை! வாஷிங்டன் மறுத்தார். படிப்படியான ஒழிப்புக்கோ முழு விடுதலைக்கோ தமக்கு எவ்வளவுதான் மனம் இருந்தாலும், விசுவாசம் கெட்டவளுக்குப் பரிசு தருவது நியாயமாகாது என்று பதில் எழுதினார். அடிமை முறை ஒழியலாம் என்பதும், இந்தப் பெண்ணை விடமுடியாது என்பதும் ஒரே கடிதத்தில் இருக்கின்றன. அந்தத் தலைமுறை இலட்சியத்தையும் வசதியையும் இப்படித்தான் பொருத்திக்கொண்டது: கொள்கை என்றைக்கோ வரப்போகும் நாளுக்கு, அதிகாரம் இன்றைக்கு.

தமக்குச் சொந்தமான 123 பேரில் ஒருவரை உடனடியாகவும் மற்றவர்களை மனைவியின் காலத்துக்குப் பிறகும் விடுவிக்க வாஷிங்டன் உயில் எழுதினார் என்பதை மறைக்கக்கூடாது. 1801-இல், தாம் உயிரோடு இருக்கும்போதே மார்த்தா அவர்களை விடுவித்தார். ஆனால் ஓனா, மார்த்தாவின் முதல் கணவர் வழிச் சொத்தில் அடங்கியவர். உயில் அவரைத் தொடவில்லை.

1845-இல் பத்திரிகைக்கு எழுதிய ஒருவர், அங்கிருந்ததைவிட இங்கே அதிகம் பாடுபட்டிருக்கிறீர்களே, விட்டு வந்ததற்கு வருந்துகிறீர்களா என்று ஓனாவிடம் கேட்டார். இல்லை, நான் சுதந்திரமாக இருக்கிறேன் என்றார் அந்த மூதாட்டி. 1848-இல் இறக்கும்வரை, சட்டத்தின் கணக்கில் அவரும் அவர் பெற்ற பிள்ளைகளும் அந்தக் குடும்பத்தின் உடைமைகள்தாம்.

வணக்கம்.