ஷோபினுக்கு முன்னாடியே இப்படி எழுதினவர்: ஹம்மலோட பியானோ கான்செர்ட்டோ

[திரையில்: பியானோ கட்டைகள் மேல ஓடுற வலது கை. இசை: ஏ மைனர் கான்செர்ட்டோ, பியானோ நுழையுற இடம்]

போலந்து இசையமைப்பாளர் ஷோபின்னு நினைச்சிருப்பீங்க. இல்லை. இது யோஹான் நேபோமுக் ஹம்மல் 1816 வாக்குல ஏ மைனர்ங்கிற ஸ்கேல்ல எழுதின கான்செர்ட்டோ, அதாவது பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கிற படைப்பு. அவரோட படைப்பு வரிசையில ஓபஸ் 85, அதாவது 85-ஆம் எண். அப்போ ஷோபின் சின்னக் குழந்தை.

[படம்: ஹம்மல் ஓவியம்]

ஹம்மல் 1778-ல பிரெஸ்பர்க்ல பிறந்தவர். இன்னைக்கு அந்த ஊர் பேரு பிராட்டிஸ்லாவா. சின்னப் பையனா வியன்னாவுல மொசார்ட் வீட்டுலயே தங்கிப் பாடம் படிச்சார். பிறகு எஸ்டர்ஹாஸிங்கிற ஹங்கேரியப் பிரபு குடும்பத்தோட அரண்மனையில வேலை, 1819-லேருந்து கடைசிவரை ஜெர்மனியில வைமர் நகரத்துல. ஐரோப்பா பூரா பேர் வாங்கினவர். 1837-ல போய்ச் சேர்ந்ததும், மொசார்ட்டும் இல்லை, ஷோபினும் இல்லைன்னு ஓரங்கட்டிட்டாங்க. அளவுகோலே தப்புங்கிறது என் கட்சி.

[படம்: பழைய வியன்னா பியானோவோட உள்பக்கம்]

கட்டையை அழுத்தினா கம்பியைத் தட்டுற இந்தச் சுத்தியலைப் பாருங்க. தோல் சுத்தினது, எடை ரொம்பக் கம்மி. கட்டையை லேசா தொட்டாலே பேசும், ஆனா நாதம் சீக்கிரம் அடங்கிடும். ஒரு சுரத்தை நீளமா பிடிச்சு நிறுத்த வழியில்லை. அதனால ஹம்மல் அந்த இடைவெளியைச் சின்னச் சின்ன சுரங்களால நிரப்புறார். இடது கை நிதானமா தாளத்தைப் பிடிச்சுக்கும். வலது கை மெட்டைச் சொல்லிட்டு, அதே மெட்டைப் பதினோரு, பதிமூணு சுரமா இழைச்சுக்கிட்டே போகும். பகட்டுன்னு ஒதுக்கிடாதீங்க, மெட்டுக்கு உயிரே அதுலதான் இருக்கு.

[இசை: ரெண்டாவது பகுதி, லார்கெட்டோ]

இந்த மெதுவான பகுதி சின்னதுதான். நிக்காம அப்படியே கடைசிப் பகுதிக்குள்ள நுழைஞ்சிடும். அந்தக் கடைசிப் பகுதியில, உண்மையைச் சொன்னா, ஓட்டம் கொஞ்சம் அதிகம். விரல் வேகத்தைக் காட்டணும்கிற ஆசை தெரியுது.

1828-ல ஹம்மல் போலந்துல இருக்கிற வார்சாவுக்கு வந்தப்ப இளம் ஷோபின் அவரைச் சந்திச்சார். ரெண்டே வருஷத்துல ஷோபினோட இ மைனர் கான்செர்ட்டோ வந்துச்சு. ரெண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்க: முதல்ல ஆர்கெஸ்ட்ராவோட நீளமான பேச்சு, அப்புறம் பியானோவோட கம்பீரமான நுழைவு, உடனே பாட்டு மாதிரி இறங்குற மெட்டு.

பியானோ கலைஞர் ஸ்டீபன் ஹஃப் வாசிச்ச பதிவுல இந்த ஓபஸ் 85 கூடவே, ஹம்மலோட பி மைனர் கான்செர்ட்டோ ஓபஸ் 89-உம் சேர்ந்தே வரும். அதுல மெதுவான பகுதியில ஹார்ன் வாத்தியங்கள் வர்ற இடத்தைத் தவற விடாதீங்க. எனக்கு 85-ஐ விட அதுதான் ஒரு படி மேல.