அந்த அறுபது நொடி

நேயர்களுக்கு வணக்கம். பிரசவ அறையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன். நான் பச்சிளங்குழந்தை மருத்துவன். நாங்கள் படித்த காலத்தில், குறைமாதக் குழந்தை பிறந்தால் தொப்புள்கொடியை உடனே வெட்டிவிட்டுச் சூடேற்றும் மேசைக்கு ஓட வேண்டும். ஓடினால்தான் வேலை செய்ததாகக் கணக்கு! இப்போதோ, கொடியை அடைக்காமல் அறுபது நொடி காத்திருக்கிறோம்.

பிறந்த கணத்தில் அந்தக் கொடி தடித்து, நீலம் பாய்ந்து, தொட்டால் துடிக்கும். சில நிமிடங்களில் வெளுத்துத் துவண்டுவிடும். இடைப்பட்ட நேரத்தில், நஞ்சுக்கொடியில் இருக்கும் குழந்தையின் சொந்த ரத்தம் குழந்தைக்கே வந்து சேர்கிறது. ஆம், அது குழந்தையின் ரத்தம்தான், தாயுடையது அல்ல. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஓடும் ரத்தம் முழுவதும் ஒரு காபி டம்ளருக்குள் அடங்கிவிடும். அதில் இரண்டு மூன்று தேக்கரண்டி கூடுவது சின்ன விஷயமா?

அளவு மட்டும் அல்ல. மெல்போர்னில் மொனாஷ் பல்கலைக்கழகத்தின் ஸ்டூவர்ட் ஹூப்பர் குழுவினர் ஆட்டுக்குட்டிகளிடம் ஒன்றைக் கண்டார்கள். நுரையீரலுக்குக் காற்று போகும் முன்பே கொடியை அடைத்தால், இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் சட்டென்று குறைந்து துடிப்பும் சரிகிறது. காற்று போன பிறகு அடைத்தால் அந்தச் சரிவு இல்லை.

எங்கள் பிரிவில் நொடிகளைச் சத்தமாகச் சொல்வது செவிலியரின் வேலை. "பத்து... இருபது..." இருபதிலேயே இளம் மருத்துவரின் கை, கொடியை அடைக்கும் கிளிப்பை நோக்கி நீளும். முப்பதில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். குழந்தை அதற்குள் பாலித்தீன் உறைக்குள் கதகதப்பாகக் கிடக்கும். முதுகைத் தடவி மூச்சைத் தூண்டிக்கொண்டிருப்போம். ஆக, சும்மா நிற்கிறோம் என்றதும் முழு உண்மை அல்ல. நாற்பதில் ஒரு சின்ன அழுகை கேட்டால் அறையே தளர்ந்துவிடும். கேட்காவிட்டால் அறுபது வரை எண்ணுவது பெரும் பாடு. கொடி அறுந்திருந்தாலோ, தாய்க்கு ரத்தப்போக்கு கடுமையாக இருந்தாலோ காத்திருக்க மாட்டோம்.

ஆஸ்திரேலியர்கள் தலைமையில் பல நாடுகளில் கர்ப்பத்தின் 30 வாரத்துக்கு முன் பிறந்த 1,566 குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பாதிக்குப் பத்து நொடிக்குள் கிளிப், மறுபாதிக்கு அறுபது நொடியோ அதற்கு மேலோ. 2017-இல் வந்த முதல் முடிவில் முக்கிய அளவுகோலில் வித்தியாசம் தெரியவில்லை. "பார்த்தீர்களா!" என்றார்கள் சந்தேகிகள். ஆனால் குழந்தைகளுக்கு இரண்டு வயதானபோது கணக்கெடுத்தார்கள். இறப்போ கடுமையான வளர்ச்சிக் குறைபாடோ நேர்ந்தது, காத்திருந்த தரப்பில் 29 சதவீதம், உடனே அடைத்த தரப்பில் 34 சதவீதம். இதில் பெரும்பங்கு உயிர் பிழைத்ததால் வந்தது. பிழைத்தவர்களின் அறிவு வளர்ச்சி பெரிதாக மாறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். காத்திருப்பதற்குப் பதிலாக, ரத்தம் குழந்தைப் பக்கம் போகும்படி கொடியைக் கையால் உருவிவிடுவது பற்றியும் விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். ஒரே வரியில் சொல்கிறேன்: 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், கர்ப்பத்தின் 23 முதல் 27 வாரத்தில் பிறந்த குழந்தைகளுக்கு உருவியதில் மூளைக்குள் கடும் ரத்தக்கசிவு 22 சதவீதம், காத்திருந்ததில் 6 சதவீதம், ஆய்வையே நடுவில் நிறுத்த வேண்டியதாயிற்று. இவ்வளவு முன்கூட்டிப் பிறந்த குழந்தைக்கு உருவ வேண்டாம். நன்றி, வணக்கம்.